உள்ளே போனது உண்மைதான்

என் மேல் ஒரு வழக்கு இருந்தது. அத்துமீறி நுழைந்த வழக்கு. அடுத்தவர் இடத்துக்குள் கெட்ட எண்ணத்தோடு போனேன் என்று போட்டிருந்தார்கள். போனது உண்மை. கெட்ட எண்ணம் இல்லை. இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் அணுபுரத்துக்கும் நடுவில், ஈசிஆர் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. எனக்கு அணுபுரத்தில், அணுசக்தித் துறைக்காரர்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸில் தோட்ட வேலை. காண்ட்ராக்ட் ஆள். புல் வெட்டுவேன், வேலிச்செடி கத்தரிப்பேன், சருகு அள்ளுவேன். உள்ளே போக பாஸ் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போலீஸ் விசாரித்து, இவன் மேல் ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தால்தான் பாஸ். பதினோரு வருஷமாக அப்படித்தான் எழுதித் தந்தார்கள்.

என் வீட்டுக்காரி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். வாய் ஓயாது. மாட்டோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், ஒன்றும் இல்லாவிட்டால் என்னோடு பேசுவாள். நான் ஆமா என்பேன். என் ஆமாவுக்கு ஆமாம் என்று அர்த்தம் கிடையாது. காது கேட்கிறது, மேலே சொல் என்று அர்த்தம்.

"ரேஷன்ல இன்னிக்கி பருப்பு போடல."

"ஆமா."

"உனுக்கு எப்டி தெரியும்? நீ போய் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு ஆமான்ற?"

இதற்கும் ஆமா என்பேன். அவள் சிரித்துவிடுவாள்.

பெரியவர்கள் என்றால் ஆமாங்க. அதிகாரி என்றால் ஆமாங்க ஐயா. எங்கள் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கும் இது உண்டு. ஒருத்தர் பேசும்போது சும்மா நின்றால் திமிர் பிடித்தவன் என்பார்கள். அதற்காகப் போடுகிற சத்தம். அது இவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கார்த்திகை மாதம் செவலை மாடு நிறைமாதச் சினை. காலையில் மேயப் போனது மத்தியானம் வரை வரவில்லை. கன்று போடுகிற நேரத்தில் மாடு ஒதுக்குப்புறம் தேடிப் போகும். இவள் சவுக்குத் தோப்பு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தாள். நான் வேலை முடிந்து வந்து சேர்ந்துகொண்டேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

மாடு ஒரு பிளாட்டுக்குள் படுத்திருந்தது. முன்பு அது வெறும் மணல்மேடு. சென்னையில் யாரோ வாங்கி, கருங்கல் தூண் நட்டு, முள்கம்பி கட்டி, கேட் போட்டிருந்தார்கள். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று போர்டு. கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. மாடு அந்த வழியாகப் போயிருக்கிறது. அது போர்டைப் படிக்கவில்லை. நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் போனேன்.

அங்கே வாட்ச்மேன் ஒருத்தர். படாளத்துக்காரர். என் வயசு இருக்கும். தினம் இவளிடம்தான் டீக்குப் பால் வாங்குவார். சிமெண்டுக் கல் அடுக்குக்குப் பின்னால் மாடு கிடக்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இவள் என் பின்னாலேயே உள்ளே வந்து கையை நீட்டிக் கத்தினாள்.

"யோவ் அண்ணாத்த! சினிமாவா ஓடிகினு கீது? கோணி ஒண்ணு குடுய்யா! கயிறு கீதா? காலு ரெண்டும் வெளிய வந்துச்சு, தல வர்ல!"

அவர் கோணி கொடுத்தார். நைலான் கயிறு கொடுத்தார். கயிறு நீளமாக இருந்தது. என் இடுப்பில் புல் அறுக்கிற கத்தி எப்போதும் இருக்கும். எடுத்து வெட்டினேன். கன்றின் காலில் கட்டி, மாடு முக்கும்போதெல்லாம் நானும் வாட்ச்மேனும் சேர்ந்து இழுத்தோம். இவள் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, "அவ்ளோதான் கண்ணு, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் பிறந்தபோது நான் வெளியே நின்றேன். அன்றைக்குத்தான் இவள் குரல் அப்படி மெதுவாகக்கூட வரும் என்று தெரிந்தது.

கிடேரிக் கன்று. கோணியால் துடைத்துத் தோளில் தூக்கி வந்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சாயங்காலம் வந்து மாட்டுக்கு ஊசி போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பிளாட்டில் ஒரு கம்பத்தில் கேமரா இருந்தது. கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. கல் அடுக்குக்குப் பின்னால் கிடந்த மாடும் அதற்குத் தெரியாது. பிளாட்டைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் சென்னையில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தார். ஒருத்தன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறான். ஒரு பெண் கையை ஆட்டி வாட்ச்மேனைத் திட்டுகிறாள். அவன் கத்தியை எடுக்கிறான். அதற்கு முந்தின மாதம்தான் கடற்கரை வழியை அடைத்ததற்காக எங்கள் ஊர்க்காரர்கள் அவரோடு சண்டை போட்டிருந்தார்கள். நான் அதில் இல்லை. அவருக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம். புகார் கொடுத்துவிட்டார். கத்தியோடு வந்து மிரட்டியதாக. சாட்சி, வாட்ச்மேன்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எழுதுகிற ஏட்டு நல்ல மாதிரி. டீ வாங்கிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே எழுதினார்.

"பிளாட்டுக்குள்ள போன?"

"ஆமாங்க ஐயா."

"கையில கத்தி இருந்துச்சு?"

"ஆமாங்க ஐயா."

"வாட்ச்மேன சத்தம் போட்டு மிரட்டினீங்க?"

"ஆமாங்க ஐயா…"

மாடு கன்று போட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். படிக்காமல் போட்டேன். ஜாமீனில் விட்டார்கள்.

எஃப்ஐஆர் நகலை வீட்டில் இவள்தான் படித்தாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"'அவருடன் வந்த அடையாளம் தெரியாத பெண்.' யாரு இது?"

"நீதான்."

"நானா? பதினெட்டு வருசமா இந்த ரோட்ல பால் ஊத்துறேன். எனுக்கு அடையாளம் இல்லியா? அந்த ஸ்டேசனுக்கே என் பால்தான் போவுது!"

என் மேல் வழக்கு வந்ததைவிட அவளுக்கு அதுதான் பெரிய கோபம்.

காண்ட்ராக்டர் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கு முடிகிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே எரு ஏற்றுகிற வேலை பார், குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் பேரை எடுத்துவிடுவார்கள், என் கையில் ஒன்றும் இல்லை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் புது வேலைக்குக் கூப்பிடவும் ஆள் இல்லை.

இவள் அண்ணன் திருக்கழுக்குன்றம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மேலும் முன்பு ஏதோ சின்ன வழக்கு இருந்தது. வந்து உட்கார்ந்து எனக்குத் தைரியம் சொன்னார்.

"மச்சான், இதுக்குப் போய் பேஜாராயிகினு… நேரா போ. ஜட்ஜ் கேட்டா ஒத்துக்கிறேன்னு சொல்லு. ஃபைன் போடுவாங்கோ. கட்டிட்டு வா. பிரியாணி துன்னுட்டு வூட்டுக்கு வந்துடலாம். நான் அப்டிதான் வந்தேன்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. உள்ளே போனேன். இல்லை என்றால் பொய். பொய் சொல்வதைவிட ஒத்துக்கொண்டு போவது மேல்.

சம்மனில் போட்டிருந்த தேதியில் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனோம். வக்கீல் வைக்க வழியில்லை என்று யாரிடமோ இவள் புலம்பியிருக்கிறாள். அவர் அந்தக் கட்டடத்திலேயே இலவச சட்ட உதவி என்று எழுதியிருந்த அறையைக் காட்டினார். அங்கே ஒரு வக்கீல் அம்மாவைக் கொடுத்தார்கள். என் மூத்த பெண் வயசு. கழுத்தில் வெள்ளைப் பட்டி, கையில் டிபன் பை. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அதாவது, இவள் சொன்னதை.

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடறேம்மா," என்றேன்.

"கட்டினா குற்றவாளின்னு தீர்ப்பு. காசோட முடிஞ்சுபோறது இல்ல அது. உங்க பாஸ் என்ன ஆகும்?"

"என் மச்சான் அப்டிதான் கட்டிட்டு வந்தாரும்மா," என்றேன்.

"உங்க மச்சானுக்கு பாஸ் வேணாம். உங்களுக்கு வேணும்," என்றார்.

"ஆனா நான் உள்ள போனேனேம்மா. போவலன்னு எப்டி சொல்றது?"

"போகலன்னு யாரு சொல்லச் சொன்னா? போனீங்க. அதை நாமளே சொல்லலாம். உள்ள போனது மட்டும் இந்தச் செக்‌ஷனுக்குப் பத்தாதுங்க. குத்தம் பண்ணணும்னோ, மிரட்டணும், அவமானப்படுத்தணும், தொல்லை கொடுக்கணும்னோ நினைச்சுப் போயிருக்கணும். அந்த நினைப்புதான் குத்தம். அதை அவங்கதான் நிரூபிக்கணும். ஜட்ஜ் ஒங்களை, உள்ள போனியான்னு கேக்கப்போறதில்ல. குத்தம் பண்ணினியான்னுதான் கேக்கப்போறாரு. ரெண்டும் வேற வேற கேள்வி."

இதை அவர் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் எனக்கு உள்ளே இறங்கியது. ஐம்பத்திரண்டு வருஷம் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

ஸ்டேஷனில் எல்லாவற்றுக்கும் ஆமாங்க சொன்னதையும் சொன்னேன். போலீஸிடம் ஒத்துக்கொண்டதைக் கோர்ட்டில் என் மேல் சாட்சியாக வைக்க முடியாது, பயப்படாதீர்கள் என்றார். பிறகு விரலை மடக்கினார். வாய்தா தேதி ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது, விட்டால் வாரண்டு வரும். மாட்டாஸ்பத்திரிச் சீட்டு எங்கே இருக்கிறது, பத்திரமா? படிக்காமல் இனி எதிலும் கையெழுத்து கிடையாது. வாட்ச்மேனிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் சாட்சியைக் கலைத்தோம் என்பார்கள்.

"ஒரு வார்த்தகூடவா?" என்றாள் இவள்.

"ஒரு வார்த்தகூட."

"பாலு?"

"வழக்கு முடியற வரைக்கும் அந்தப் பக்கம் வேற யாராவது ஊத்தட்டும்மா."

இவள் முகம் வாடிப்போனது. வாட்ச்மேன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. மேனேஜர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நானும் ஏட்டு சொன்ன இடத்தில் போட்டவன்தான்.

அடுத்த வாய்தாவில் டவாலி என் பேரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். நீதிபதி ஐயா குற்றச்சாட்டைப் படித்தார். நிதானமாக, தமிழில்தான் படித்தார். இன்ன இடத்தில் அத்துமீறி நுழைந்து, இன்னாரை மிரட்டி, என்று போனது. ஒவ்வொரு இடத்திலும் அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் நான், "ஆமாங்க ஐயா," என்றேன்.

"சொன்னது விளங்குச்சா?"

"ஆமாங்க ஐயா."

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க ஐயா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வக்கீல் அம்மா எழுந்தார். அதற்கு முன்பே பின்னால் கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

"ஐயோ சாமி, அது அந்த ஆமா இல்லீங்க!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. நீதிபதி பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"யாரும்மா அது?"

"அவுரு வூட்டுக்காரிங்க."

"நீங்க பேசக்கூடாது."

"நான் பேசலீங்க. அவுருதான் தப்பா பேசறாரு. அவுரு எல்லாத்துக்கும் ஆமா சொல்வாருங்க. வூடு இடிஞ்சி உழுதுன்னாலும் ஆமான்னுவாரு. அதுக்கு கேட்டுகினு கீறேன்னு அர்த்தங்க."

சிரிப்பு எழுந்தது. டவாலி அதட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினார். வக்கீல் அம்மா, எதிரிக்குக் கேள்வி புரியவில்லை, மறுபடி கேட்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். எதிரி என்று என்னைத்தான் சொன்னார். கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றைக்கு நான் வேறு எங்கோ எரு ஏற்றிக்கொண்டிருப்பேன்.

"இங்க பாருங்க. ஆமா, இல்ல, ரெண்டும் வேணாம். அந்த இடத்துக்குள்ள எதுக்குப் போனீங்க? உங்க வாயால சொல்லுங்க."

நான் இவளைத் திரும்பிப் பார்த்தேன். இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். வெளி ஆள் யார் வந்தாலும் பேசுவது அவள் வேலை. அன்றைக்கு அவள் பேசக் கூடாது, நான் பேச வேண்டும்.

"மாடு கன்னு போட்டுகினு இருந்துச்சுங்க ஐயா. தல வரல. வெளிய நின்னா ரெண்டும் செத்துடும். அதுக்குத்தான் போனேன். யாரையும் மிரட்டப் போவலீங்க. குத்தம்னு எதுவும் பண்ணலீங்க ஐயா."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதற்கு முன்பு எப்போது என்று ஞாபகம் இல்லை.

குற்றத்தை மறுக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே வராந்தாவில் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு பேர் நடுவில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. "நல்லாதான் பேசற. வூட்ல ஏன் பேசமாட்ட?" என்றாள்.

அதன் பிறகு பல வாய்தா. மேனேஜர் வந்து சாட்சி சொன்னார். கேமராப் படம் முழுவதையும் வக்கீல் அம்மா கேட்டு வாங்கிப் போட்டுக் காட்டினார். புகாரோடு கொடுத்தது நான் கத்தி எடுக்கிற வரைக்கும்தான். மிச்சப் படத்தில் நான் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறேன், பின்னால் மாடு வருகிறது, அதற்குப் பின்னால் இவள். பெயர் இல்லாத பெண். மிச்சத்தைப் பார்த்தீர்களா என்று வக்கீல் அம்மா கேட்டார். பார்க்கவில்லை என்றார் மேனேஜர். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பயந்த மனுஷன். பாதி பார்த்ததற்கே பயந்துவிட்டார்.

வாட்ச்மேன் சாட்சி சொல்ல வந்த அன்று ஒரே வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. இவள் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தார். இவள் அதைப் பார்த்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கவேண்டும் அவளுக்கு. கேட்காமல் இருந்தது பெரிய விஷயம்.

கூண்டில் ஏறினார். மேனேஜர் பின்னால் உட்கார்ந்திருந்தார். கத்தியைக் காட்டினார்களா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"எடுத்தாருங்க."

எங்கள் வக்கீல் அம்மா எழுந்தார். "எதுக்கு எடுத்தாரு?"

"கயிறு வெட்டங்க. என் கயிறுதான். நீட்டமா இருந்துச்சு."

"உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

அவர் இவள் பக்கம் கையைக் காட்டினார். "அந்தம்மா மிரட்டிச்சுங்க."

வக்கீல் அம்மா ஒரு நொடி நின்றார். ஆனாலும் விடவில்லை. "என்னன்னு மிரட்டினாங்க?"

"கோணி குடுக்கலன்னா நாளைக்குப் பாலு கெடையாதுன்னுச்சுங்க."

நீதிபதி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"கன்னு வெளிய வர, யாரு இழுத்தாங்க?"

"அவுரும் நானும்ங்க."

அதோடு அவர் இறங்கினார். மேனேஜர் பக்கம் பார்க்காமல் நேராக வெளியே போனார். அந்த வாரமே அவருக்கு அங்கே வேலை போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். வழக்கு முடிந்த மறுநாள் இவள் அவரைத் தேடிப் போனாள். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் காவலுக்குச் சேர்ந்திருந்தார். அங்கேயே பால் ஊற்ற ஆரம்பித்தாள். இரண்டு கிலோமீட்டர் சுற்று. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

தீர்ப்பு சின்னதுதான். நுழைந்தது உண்மை, தீய எண்ணம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. வக்கீல் அம்மா தீர்ப்பு நகலுக்கு அன்றே மனு போட வைத்தார். "வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. இந்தப் பேப்பர்தான் உங்க பாஸ்," என்றார். இவள் அவருக்கு ஒரு தூக்கில் பால்கோவா கொடுத்தாள். வேண்டாம் என்று ரொம்ப நேரம் சொல்லிப் பார்த்தார். இவளிடம் அது நடக்காது.

பாஸ் ஃபாரத்தில் உங்கள் மீது வழக்கு ஏதேனும் இருந்ததா என்று ஒரு வரி இருக்கிறது. இல்லை என்று போட்டுவிடு, அதான் விட்டுட்டாங்களே என்றார் இவள் அண்ணன். நான் போடவில்லை. வழக்கு இருந்தது, விடுதலை ஆனது, நகல் இணைத்திருக்கிறேன் என்று என் கையால் எழுதினேன். எழுதி முடிக்க அரை மணி ஆனது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு எழுத்துகூடச் சொல்லித் தராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் அதே ஏட்டுதான் நகலைப் படித்தார். முழுக்கப் படித்தார். ஆட்சேபணை இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார். மூன்று வாரம் எரு ஏற்றிக்கொண்டே காத்திருந்தேன்.

பாஸ் வந்தது. இவள் வாங்கிப் படத்தைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? திருடன்னே நெனப்பாங்கோ," என்றாள். கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்டில் காட்டினேன். காவலாளி படத்தையும் என்னையும் பார்த்தார். போகச் சொன்னார். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் புல் முழங்கால் வரை வளர்ந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் பாதி வெட்டினேன்.